மலையில் மழை, மூடையில் சோயா

நுவரெலியாவில் பெய்யும் மழை எங்கே போகிறது என்று கடைக்காரர்களாகிய நாம் யோசிப்பதில்லை. நானுஓயாப் பக்கத்து நீர் கொத்மலை ஓயாவில் கலந்து மகாவலியில் சேர்கிறது. 1976இல் திறக்கப்பட்ட பொல்கொல்லை அணைக்கட்டில் ஒரு பகுதி சுரங்கம் வழியே திருப்பப்பட்டு, கலாவெவவுக்குப் போய் அநுராதபுர வயல்களில் பாய்கிறது. அங்கே சிறுபோகத்தில் நெல்லுக்குத் தண்ணீர் போதாதபோது போடப்படும் பயிர்களில் ஒன்றுதான் சோயா அவரை. கிளினிக்கில் தாய்மாருக்குக் கொடுக்கும் திரிபோஷவிலும் சோயா இருக்கிறது. ஆகவே தானியம் வாங்கி விற்பவர் இந்தப் பயிரின் தண்ணீர்க் கணக்கைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

நெல்லைப் போல சோயாவுக்கு வயலில் நீர் நிற்கக் கூடாது. நின்றால் விதை அழுகும். வேர் முடிச்சுகள் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கும் வேலையும் குறையும். விதைக்கும்போது ஈரம் வேண்டும். இளம் பயிர் சிறிது வாட்டத்தைத் தாங்கும். ஆனால் பூக்கும் காலத்தில் தண்ணீர் தவறினால் பூவும் பிஞ்சும் உதிரும். காய்க்குள் மணி முற்றும் காலத்தில் தவறினால் மணி சிறுத்துச் சுருங்கும். முதலாவதில் மூடை குறையும், இரண்டாவதில் தரம் குறையும்.

இனத்துக்கு இனம் வித்தியாசமும் உண்டு. நம் நாட்டில் நீண்டகாலமாகப் பயிரிடப்படும் பி.பி. 1 போன்ற குறுகிய கால இனங்கள் ஏறத்தாழ மூன்று மாதத்தில் அறுவடைக்கு வரும். நீர்ப்பாய்ச்சலும் குறைவாகவே தேவைப்படும். ஆனால் பூக்கும் நாட்கள் சிலவே என்றால் அந்த நாட்களில் வாய்க்கால் வற்றியதும் நட்டம்தான். தொடர்ந்து வளர்ந்துகொண்டே பூக்கும் இனங்கள், பின்னர் நீர் கிடைத்தால் ஓரளவு ஈடு செய்துகொள்ளும்.

இப்போது நம் விடயத்துக்கு வருவோம். அறுவடைக்கு முன்பே விவசாயியிடம் பணம் கொடுத்து வைப்பது நம்மவர் பலரின் வழக்கம். "உன் வயலில் விளைவது எல்லாம் எனக்கு" என்று பேசினால், வாய்க்கால் வற்றிய ஆண்டில் இருவருக்கும் பகைதான் மிஞ்சும். முற்பணம் கொடுத்து வாங்கும் ஸலம் வியாபாரத்தில் அளவும் எடையும் தவணையும் தெளிவாக இருக்க வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். முழுப் பணத்தையும் பேசும்போதே கொடுத்துவிட வேண்டும் என்பதும், குறிப்பிட்ட ஒரு வயலின் விளைச்சலோடு மட்டும் அதைக் கட்டக் கூடாது என்பதும் பெரும்பாலான இமாம்களின் கருத்து. தண்ணீர்க் கணக்கைப் பார்த்தவருக்கு இதன் காரணம் விளங்கும்.

எனவே இத்தனை கிலோ, இந்த இனம், இந்தத் தரம், இந்தத் திகதி என்று எழுதிக்கொள்ளுங்கள். பொருள் வந்ததும் ஒரு கைப்பிடி எடுத்துச் சுருங்கிய மணியைப் பாருங்கள், ஈரத்தையும் பாருங்கள். ஈரம் நூற்றுக்கு 12, 13க்கு மேல் போனால் மலைக் குளிரில் களஞ்சியத்திலேயே பூஞ்சணம் பிடிக்கும். விலையைக் குறைப்பதானால் அதை முன்பே பேசிக் குறையுங்கள், தராசில் குறைக்காதீர்கள். மழையும் வெயிலும் அல்லாஹ்வின் கையில். எழுத்தும் நிறுவையும் நம் கையில்.