‘போர்டு போச்சு’ன்னு சொன்னாங்களா? சால்டரைப் பாருங்க!

திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் கடலோர வீடுகளில் வாஷிங் மெஷின் திடீரென மக்கர் பண்ணுவது புதிதல்ல. ‘போர்டு போச்சு, புதுசு மாத்தணும்’ என்பார் மெக்கானிக். சில நேரம் போயிருப்பது ஒரே ஒரு சால்டராக இருக்கும்.

உப்புக்காற்று படிந்தால் ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு தாமிரத்தை அரிக்கும். பச்சை பூத்திருப்பது அதனால்தான். ‘டிரை சால்டர்’ வேறு கதை. சூடாகி, ஆறி, அதிர்ந்து, பின்னைச் சுற்றி மெல்லிய வளையமாக விரிசல் விடும். ரிலே, டிரான்ஸ்ஃபார்மர் போன்ற கனமான பாகங்களின் கால்களில் முதலில் தேடுங்கள். தட்டினால் ஓடுது, கொஞ்ச நேரத்தில் நிக்குதுன்னா சந்தேகம் இதன்மேல்தான்.

நீங்களே கழற்ற வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். மெக்கானிக் கழற்றியதும் மொபைல் கேமராவில் ஜூம் பண்ணிப் பாருங்க. மங்கலாக இருப்பதெல்லாம் கெட்டதல்ல; ஈயம் கலக்காத சால்டர் நன்றாகப் பிடித்திருந்தாலும் அவ்வளவாகப் பளபளக்காது. அது உருக சுமார் 217 டிகிரி செல்சியஸ் வேண்டும். பழைய 63/37 ஈயக் கலவைக்கு 183 போதும். அந்தப் பழக்கத்தில் சூடு குறைத்து வைத்தால் மறுபடியும் டிரை சால்டர்தான்.

மேலே பூசி விடுவது ரிப்பேர் ஆகாது. பழையதை உறிஞ்சி எடுத்து, ஃப்ளக்ஸ் போட்டுப் புதிதாக வைக்கச் சொல்லுங்க.

போர்டை மாற்றியே தீர வேண்டுமென்றால் பில்லோடு பழைய போர்டையும் கேட்டு வாங்குங்க. தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.