கூற்று, கேட்போர், காலம்: இணையப் புகுபதிகையில் பெயர் கடத்தப்படும் முறை

ஆவடியில் குடியிருந்து, சென்னை நகரின் நடுவே உள்ள பல்கலைக்கழகம் ஒன்றில் தமிழாய்வு மேற்கொள்ளும் ஒருவர், வளாகத்தினுள் இருக்கும்போது கட்டண ஆய்விதழ்களைத் தம் பெயரைச் சொல்லாமலே படிக்க இயலும். பல்கலைக்கழகத்தின் இணைய முகவரியைக் கண்டே அவ்விதழ்கள் வழிவிடுகின்றன. மாலையில் மின்தொடர்வண்டியேறி வீடு திரும்பியபின் நிலை மாறுகிறது. வீட்டு இணைப்பைப் பதிப்பகத்தின் தளம் அறியாது. ஆகவே 'இவர் எம் ஆய்வாளர்' எனப் பல்கலைக்கழகமே சான்றுரைத்தாக வேண்டும். காந்திநகரிலுள்ள இன்ஃபிளிப்நெட் மையம் நடத்தும் 'இன்ஃபெட்' கூட்டமைப்பு இத்தேவைக்காகவே அமைந்தது. இம்முறையில் ஆய்வாளரின் கடவுச்சொல் பதிப்பகத்தைச் சென்றடைவதில்லை. அவரைப் பற்றிய கையொப்பமிட்ட செய்தி மட்டுமே சென்றடைகிறது. 2014-இல் இறுதி வடிவம் பெற்ற 'ஓபன் ஐடி கனெக்ட்' என்னும் நெறிமுறையில் இச்செய்தியின் ஒவ்வோர் அலகும் 'கிளெய்ம்' எனப்படும்.

இச்சொல்லை 'உரிமைகோரல்' எனப் பெயர்ப்பது பொருந்தாது. இங்கு எவரும் எவ்வுரிமையையும் கோரவில்லை. ஒருவரைப் பற்றி மற்றொருவர் ஒன்றைக் கூறுகிறார். அதனால் 'கூற்று' என்பதே தக்க கலைச்சொல்லாகும். தொல்காப்பியச் செய்யுளியல் வகுக்கும் 34 உறுப்புகளுள் கூற்று, கேட்போர், களன், காலம் ஆகியவை அடுத்தடுத்து வருதல் நோக்கத்தக்கது. அகப்பாடலின் பொருள், யார் யாரிடம் எப்போது கூறியது என்பதைச் சார்ந்தே அமைகிறது. அடையாள வழங்குநர் விடுக்கும் 'டோக்கன்' என்னும் செய்தியிலும் வழங்கியவர், கேட்போர், காலவெல்லை ஆகிய மூன்றும் இன்றியமையாதன. இவற்றுள் இரண்டாவதற்கு நெறிமுறை இட்ட ஆங்கிலப் பெயரே 'ஆடியன்ஸ்' என்பதாகும். ஒரு செயலிக்கென விடுக்கப்பட்ட டோக்கனை வேறொரு செயலி ஏற்றல் கூடாது. ஏற்பின், தோழிக்குச் சொன்னதைத் தாய் கேட்ட கதையாகும். இவ்வொப்புமை கலைச்சொல் தெரிவுக்கு மட்டுமே உரியது. இரண்டிற்கும் இடையே வரலாற்றுத் தொடர்பு ஏதுமில்லை.

இடைநின்றார் மொழி

நடைமுறையில் கூற்று வழங்குநரிடமிருந்து வலைச்செயலிக்கு நேரே செல்வது குறைவு. கூகுள் போன்ற வெளி வழங்குநருக்கும் நிறுவனத்தின் செயலிக்கும் நடுவே, 'கீகுளோக்' போன்ற அடையாளச் சேவையகம் ஒன்று நிற்கும். அது வெளிக்கூற்றைப் பெற்று, கையொப்பத்தைச் சரிபார்த்து, தன் பெயரில் புதிய டோக்கனை விடுக்கும். அவ்வளவில் வழங்கியவர் மாறிவிடுகிறார். கூகுள் கூறியது சேவையகம் கூறியதாகிறது.

செய்யுளியல் இந்நிலைக்கும் ஒரு வரையறை தருகிறது. ஊரார், அயலார், சேரியோர், தலைவியின் தந்தை, தமையன் முதலியோர்க்கு நேர்க்கூற்று இல்லை. அவர் சொல்லைப் பிறர் கொண்டெடுத்து மொழிவதே மரபு. ஊர் அலர் தூற்றுகிறது என்பதைத் தலைவியோ தோழியோ சொல்லத்தான் அறிகிறோம். ஆயினும் அது ஊரின் சொல் என்பது மறைவதில்லை. இடைநின்ற சேவையகமும் கொண்டெடுத்து மொழிவதாகவே அமைதல் வேண்டும். மூல வழங்குநர் இன்னார் என்பதையும் அவர் தந்த மதிப்பையும் திரியாமல் செயலிக்குக் கடத்துவது அதன் கடமை. பெரும்பாலான பிழைகள் இங்கேதான் பிறக்கின்றன. எதைக் கடத்துவது என்பதை ஒவ்வொரு கூற்றுக்கும் தனித்தனியே அமைத்தாக வேண்டும். அமைக்காதவை பல வேளைகளில் வழியிலேயே உதிர்ந்துவிடும். காலமும் இடறும். முதல் புகுபதிகையின்போது மட்டும் பெயரைப் பெற்றுக்கொள்ளும்படி சேவையகம் அமைந்திருந்தால், ஆய்வாளர் மூலத்தில் தம் பெயரைத் திருத்திய பின்னரும் செயலி பழம்பெயரையே காட்டிக்கொண்டிருக்கும்.

முன்னெழுத்தும் குடும்பப்பெயரும்

தமிழ்ப்பெயர் இவ்வழியில் அடையும் சிதைவு தனித்துக் காணத்தக்கது. சென்னைப் பல்கலைக்கழக நூலகராக 1924-இல் பொறுப்பேற்ற எஸ். ஆர். ரங்கநாதனின் பெயரில் முதலெழுத்து சீர்காழி என்னும் ஊரையும், இரண்டாமெழுத்து இராமாமிருதம் என்னும் தந்தை பெயரையும் குறிக்கும். ரங்கநாதன் என்பதே இயற்பெயர். மேலைநாட்டுப் படிவமோ இறுதிச் சொல்லைக் குடும்பப்பெயராகக் கொள்ளும். நூலகப் பட்டியலாக்கத்திற்கு விதி வகுத்தவரின் பெயரே இங்ஙனம் பிறழ உணரப்படுவது நகைமுரண்.

நெறிமுறை இதனை அறியாததன்று. முழுப்பெயரை உரியவர் விரும்பும் வரிசையிலேயே தரும் 'நேம்' என்னும் கூற்று அதில் உண்டு. சில பண்பாடுகளில் குடும்பப்பெயர் இல்லாமலும் இருக்கலாம் என அது வெளிப்படையாகவே குறிப்பிடுகிறது. ஆதாரிலும் பெயருக்கு ஒரே கட்டம்தான். கூகுள் கணக்கில் இறுதிப்பெயர் கட்டாயமன்று. இவ்வளவு இருந்தும், செயலியை ஆக்குவோர் இறுதிப்பெயரைக் கட்டாயமாக்கிவிடுகின்றனர். அதனால் பயனர் ஒரு புள்ளியையோ, முன்னெழுத்தையோ, தந்தையின் முழுப்பெயரையோ அக்கட்டத்தில் இடுகிறார். செல்வம் மகன் கண்ணன் என்பார் ஓரிடத்தில் 'செ. கண்ணன்', மற்றோரிடத்தில் 'எஸ். கண்ணன்', பிறிதோரிடத்தில் 'கண்ணன் செல்வம்' என நிற்பார். கட்டுரைகளும் மேற்கோள்களும் மூவர்க்கெனப் பிரிந்து எண்ணப்படும். பணி நியமனத்திற்கும் பதவி உயர்வுக்கும் வெளியீடுகளை எண்ணும் இந்நாளில் இஃது எழுத்துப்பிழை என ஒதுக்கத்தக்க சிறுகுறையன்று.

ஊர்ப்பெயர் இதனினும் தெளிவான சான்று. பூந்தமல்லி, பூவிருந்தவல்லி என ஓர் ஊர்க்கு இரு வழக்குகள் உள்ளன. 2020 சூனில் தமிழக அரசு 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி வெளியிட்ட ஆணை, அம்பத்தூரின் ஆங்கில வடிவையும் தமிழ் ஒலிப்புக்கேற்ப மாற்றியது; சில நாள்களில் அது திரும்பப் பெறப்பட்டது. இத்தனை மாற்றத்தினூடும் பூந்தமல்லியின் அஞ்சல் குறியீடு 600056 என்பதாகவே நின்றது. ஆளை அடையாளம் காணும் பொறுப்பையும் பெயரின்மேல் ஏற்றலாகாது. வழங்கியவர் பெயரும், அவர் அப்பயனர்க்கு இட்ட மாறா எண்ணும் சேர்ந்த இணையே நிலையான அடையாளம் என்று நெறிமுறை விதிக்கிறது. மின்னஞ்சல் முகவரியும் அதற்கு ஈடாகாது. ஒருவர் படிப்பை முடித்து நீங்கியபின் அவர் முகவரியை நிறுவனம் வேறொருவர்க்கு வழங்குதல் கூடும். எண் அடையாளத்தைத் தாங்குமாயின், பெயரைப் பிரிக்காமலும் வரிசை மாற்றாமலும் உரியவர் எழுதியவாறே காட்டுதல் செயலிக்கு எளிதாகும்.

முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் எனத் தமிழக அரசு 2021 திசம்பரில் ஆணையிட்டது. ஒரே கூற்றை மொழிக்குறியிட்டுப் பல மொழிகளில் அனுப்பவும் நெறிமுறையில் இடமுண்டு. 'நேம்' என்பதன் பின்னே தமிழுக்குரிய குறியை இணைத்தால் 'செ. கண்ணன்' என்பது தமிழ் எழுத்திலேயே செல்லும். அதற்கு வழங்குநர் அவ்வடிவைச் சேமித்திருக்க வேண்டும். செயலியும் அதனைக் கேட்க வேண்டும். தமிழ்த்துறைகள் தமக்கென உருவாக்கும் மின்னூலகங்களும் ஆய்விதழ்த் தளங்களும் இதனைக் கேட்கத் தொடங்குவதற்குத் தொழில்நுட்பத் தடை ஏதுமில்லை.