தூங்குமூஞ்சிக்கு ஒரு சலாம்!

ஊரே 'தூங்குமூஞ்சி' என்று பட்டம் கட்டிய பிறகும், கோபித்துக்கொண்டு ராஜினாமா செய்யாமல் வேலை பார்க்கிற ஓர் ஆசாமியை அம்பத்தூர் பக்கம் வந்தால் பார்க்கலாம். ஆபீஸில் அல்ல ஸார், ரோட்டோரத்தில்! தூங்குமூஞ்சி மரத்தைத்தான் சொல்கிறேன்.

1964-ல் உருவான அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில், ஏ.ஸி. ரூம் வாய்க்காத எங்களுக்கு இந்த மரம்தான் ஏ.ஸி. டீக்கடை, பஞ்சர் கடை, நாலைந்து ஆட்டோ, டிபன் பாக்ஸோடு வரும் எங்கள் கோஷ்டி... அத்தனை பேருக்கும் ஒரே குடை.

பெயருக்குக் காரணம் உண்டு. சாயங்காலமானால் இதன் குட்டி இலைகள் ஜோடி ஜோடியாக மடங்கிக்கொள்ளும். இலைக்காம்பின் அடியில் சின்னதாய் ஒரு வீக்கம். அதன் ஒரு பக்கத்து செல்களிலிருந்து பொட்டாசியம் வெளியேறும். பின்னாலேயே தண்ணீரும் கிளம்பிவிடும். அந்தப் பக்கம் தொய்ந்துபோக, இலை மடங்கும். காலையில் தண்ணீர் திரும்பி வர, கடை திறக்கும். இலைக்கு வெயிலில்தானே சமையல் வேலை? ஆக, ஷிப்ட் முடிந்த பிறகுதான் தூங்குகிறது! மத்தியானம் மூணு மணிக்கே ஃபைல் மேல் சாய்கிறவர்களுக்கு வைக்க வேண்டிய பெயரை, அநியாயமாய் இதற்கு வைத்துவிட்டோம்.

மழை மூட்டத்திலும் இலை மூடிக்கொள்ளும். மழை நேராய்த் தரைக்கு இறங்கும். 'ரெயின் ட்ரீ' என்ற பெயருக்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள்.

சொந்த ஊர் மத்திய, தென் அமெரிக்கா. சொந்தக்காரர்கள் அவரை, புளி, தொட்டாற்சுருங்கி வகையறா. பூ, ரோஸ் கலர் ஷேவிங் பிரஷ்! காயை ஆடு மாடுகள் இஷ்டமாய்த் தின்னும். 1800-ல் வெனிசுலாவில் இப்படி ஒரு மரத்தைப் பார்த்து அசந்துபோன ஜெர்மன் விஞ்ஞானி ஹம்போல்ட், அதன் கிளைப்பரப்பின் சுற்றளவு 576 அடி என்று எழுதி வைத்தார்.

2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் சென்னையைப் புரட்டியபோது ஆயிரக்கணக்கில் மரங்கள் சாய்ந்தன. தூங்குமூஞ்சியும் தப்பவில்லை. "வெளிநாட்டு மரம்ங்க, வேர் ஆழமாப் போகாது, வெட்டித் தள்ளுங்க!" என்று ஆரம்பித்தார்கள் சிலர். வேர் மேலாக ஓடுவது வாஸ்தவம்தான். ஆனால், நாம் செய்கிற காரியம்? அடிமரம் வரைக்கும் சிமென்ட் பூசுகிறோம். கால்வாய் தோண்ட ஒரு பக்க வேரை வெட்டுகிறோம். கரண்ட் கம்பிக்காக ஒரு பக்கக் கிளையை மட்டும் கழித்து, பாரத்தை மறுபக்கம் ஏற்றுகிறோம். ஒரு காலை வெட்டிவிட்டு, ஒரே தோளில் மூட்டையை வைத்தால் பயில்வானும் விழத்தான் செய்வான்!

நான் கேட்பது கொஞ்சம்தான். அடிமரத்தைச் சுற்றி நாலடி மண்ணை விட்டுவையுங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் கிளைகளை இரண்டு பக்கமும் சமமாய்க் கழியுங்கள். கீழே டீ ஆற்றுகிறவருக்கும், குடிக்கிற நமக்கும் அதுதான் இன்ஷூரன்ஸ்.

இல்லையென்றால் அடுத்த புயலில் தெரிந்துவிடும், நிஜமான தூங்குமூஞ்சி யார் என்று!