எந்த ஆண்டுகள் கணக்கிற் சேரும்?

நமது நாட்டின் நீதவான் நீதிமன்றங்களுக்குச் சென்றோர் ஒரு காட்சியை அறிவர். சிறு குற்ற வழக்குகளில் அரசின் பக்கம் நின்று சாட்சிகளை வினவுபவர் பெரும்பாலும் பொலிஸ் உத்தியோகத்தரே. பிடித்ததும் பொலிஸ், வழக்கை நடத்துவதும் பொலிஸ். பழகிப்போனமையால் இது நமக்கு வியப்பளிப்பதில்லை.

இந்தியாவிலும் ஒரு காலத்தில் இவ்வழக்கமே இருந்தது. அங்கு 1958இல் சட்ட ஆணைக்குழு தனது 14ஆவது அறிக்கையில், வழக்கு நடத்தும் பணியைப் பொலிஸாரிடமிருந்து பிரிக்க வேண்டுமென விதந்துரைத்தது. காரணம் எளிது. புலனாய்ந்தவருக்குத் தாம் பிடித்தவர் தண்டனை பெறவேண்டுமென்ற விருப்பம் இயல்பாகவே எழும். வழக்குத்தொடுநரின் கடமையோ, எதிரிக்குச் சாதகமான சான்றையுங்கூட நீதிமன்றின் முன் வைப்பது. வக்கீல் வைக்க வசதியற்ற ஏழைக்கு இவ்வேறுபாடு வாழ்வா சிறையா என்பதாகும்.

1974 ஏப்ரல் 1ஆந் திகதி நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம், பொலிஸ் உத்தியோகத்தர் உதவி அரச வழக்குத்தொடுநராதலைத் தடுத்தது. அப்படியாயின் அதுவரை பொலிஸ் சேவையிலிருந்து வழக்காடியோரின் ஆண்டுகள் வீணோ? மாவட்டத்தின் அரச வழக்குத்தொடுநராவதற்கு வக்கீலாக 7 ஆண்டுகளும், விசேட வழக்குத்தொடுநராவதற்கு 10 ஆண்டுகளும் வேண்டும். அச்சட்டத்தின் 24ஆம் பிரிவு, எப்பெயரால் அழைக்கப்பட்டாலும் வழக்கு நடத்தும் உத்தியோகத்தராகச் செய்த சேவையையும் வக்கீல் தொழிலாகவே கொள்கிறது.

நாம் வாசித்து விளங்கிய அளவில் இதன் பயன் இது: ஒருவர் பொலிஸ் நிலையத்தில் 5 ஆண்டும் நீதிமன்றில் வழக்கு நடத்தி 7 ஆண்டும் கழித்தாரெனில், பின்னைய ஏழே கணக்கிற் சேரும். சட்டம் உடையைப் பார்க்கவில்லை, செய்த தொழிலைப் பார்க்கிறது. நிலைய அனுபவமும் பயன்படுமே என்பர் சிலர். பயன்படும், வாக்குமூலம் எழுதப்படும் விதத்தை அறிந்தவர் அதன் ஓட்டைகளையும் அறிவார். ஆயினும் நீதிபதியின் கேள்விக்கு விடையிறுத்துப் பெறும் பயிற்சி இரவு ரோந்திற் கிட்டுவதன்று.

பெயரை மாற்றிவிட்டால் போதாது என்பதற்கு மகாராஷ்டிர மாநிலம் சான்று. அங்கு பொலிஸ் வழக்குத்தொடுநர்கள் உதவி அரச வழக்குத்தொடுநராகப் பெயர் பெற்ற பின்னரும் பொலிஸ் திணைக்களத்தின் கீழேயே வைக்கப்பட்டனர். அவர்கள் தொடுத்த வழக்கில் இந்திய உயர்நீதிமன்றம் (டில்லியிலுள்ள தலைமை மன்று) 1995இல், அரசுக்கு நேரே பொறுப்பான தனித் திணைக்களம் அமைக்குமாறு பணித்தது. இங்கிலாந்திலும் 1986 முதல் இப்பணி பொலிஸாரிடமிருந்து தனிச் சேவைக்குச் சென்றது.

2024 ஜூலை 1 முதல் இந்தியாவில் நடைமுறையிலுள்ள புதிய சட்டமும் இவ்வாண்டுக் கணக்கை அப்படியே பேணுகிறது. உதவி வழக்குத்தொடுநர் கிடையாத வேளையில் மாவட்ட நீதவான் பொலிஸ் உத்தியோகத்தரை நியமிக்கும் வாயிலும் அடைபடவில்லை. அவர் இன்ஸ்பெக்டர் தரத்திற்குக் குறையாதவராகவும், அவ்வழக்கின் புலனாய்வில் கைவைக்காதவராகவும் இருத்தல் வேண்டும்.