உங்களுக்குத் தெரியுமா? கடலா, மலையா?

● வெளியூர்க்காரரைக் கண்டால் மதுரையில் "எந்த ஊருங்க?" என்போம். இத்தாலியர்கள் பேச்சை வளர்க்க வைத்திருக்கும் கேள்வி "மாரே ஓ மொந்தான்யா?" விடுமுறைக்குக் கடலா, மலையா? நம்ம ஊர்ப் பதில் சுலபம்: கொடைக்கானலுக்கு ஆரப்பாளையம், ராமேஸ்வரத்துக்கு மாட்டுத்தாவணி!

● ஆகஸ்ட் 15 இத்தாலியிலும் அரசு விடுமுறை. பெயர் ஃபெர்ராகோஸ்தோ. பேரரசர் அகஸ்டஸ் காலத்து விழாவின் மிச்சம். அந்த வாரம் நகரங்களே காலியாகும். அதனால் கோடை வந்தாலே "ஃபெர்ராகோஸ்தோவுக்கு எங்கே?" என்ற விசாரிப்புதான்.

● "அடிக்கடி பயணம் போவீங்களா?" என்பதற்கு "வியாஜ்ஜா ஸ்பெஸ்ஸோ?" இளவட்டங்கள் தங்களுக்குள் "வியாஜ்ஜி ஸ்பெஸ்ஸோ?" என்பார்கள். முன்பின் தெரியாத பெரியவரிடம் இதைச் சொன்னால், அண்ணாச்சியை "நீ" என்றது போலத்தான்.

● 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த வெனிஸ்காரர் மார்க்கோ போலோ நம் பழக்கம் ஒன்றைக் குறித்து வைத்திருக்கிறார். ஆளுக்கொரு நீர்ப் பாத்திரம் வைத்திருப்பார்களாம். உதட்டில் படாமல் அண்ணாந்து ஊற்றிக் குடிப்பார்களாம். இன்றும் பஸ்ஸில் பாட்டில் கடன் வாங்கினால் அப்படித்தானே குடிக்கிறோம்!

● மதுரை மிஷனில் பணியாற்றிய வீரமாமுனிவர், 1680இல் இத்தாலியில் பிறந்த பெஸ்கி. தேம்பாவணி பாடியவர் என்றே அவரைத் தெரியும். ஆனால் தெருவில் பேசும் தமிழுக்கும் லத்தீனில் தனி இலக்கணம் எழுதினார். அதை 1738இல் அச்சிட்டது தரங்கம்பாடி அச்சகம். அவர் ஓயாமல் வாதாடிய லுத்தரன்களின் அச்சகம்! அவர் எழுதிய கதையில் வரும் பரமார்த்த குருவும் ஊர் ஊராகப் போகிறவர்தான். வாடகை மாட்டில் போன குரு வெயில் தாங்காமல் அதன் நிழலில் உட்கார, நிழலுக்கும் தனி வாடகை கேட்பான் மாட்டுக்காரன். மீட்டருக்கு மேல் கேட்கும் ஆட்டோவுக்கு அவனே முன்னோடி.

● "கோமே வியாஜ்ஜா?" என்றால் எதில் போவீர்கள்? ரயில் என்றால் "இன் த்ரேனோ", நடை என்றால் "ஆ பியேதி", குதிரை என்றால் "ஆ கவால்லோ". கடைசிச் சொல் சித்திரைத் திருவிழாவில் உதவும். மலையிலிருந்து பல்லக்கில் கிளம்பும் கள்ளழகர், தங்கக் குதிரை ஏறித்தான் வைகையில் இறங்குகிறார். கூட்டத்தில் இத்தாலியர் யாராவது நின்றால் சொல்லிப் பாருங்கள், பேச்சு தானாக வளரும். சம்பளம் எவ்வளவு என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்!