மூச்சு இழுத்தால் மட்டும் திறக்கும் வால்வு

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் தோட்டக் கிணறுகளில் நீச்சல் பழகியவர்களுக்கு ஒரு வலி தெரியும். அடிமண்ணை அள்ளிவர முங்கும்போது பத்தடி தாண்டினால் காதுக்குள் குத்தும். தண்ணீரின் அழுத்தம் அது. பத்து மீட்டர் ஆழத்தில் தரையில் இருப்பதைப்போல் இரண்டு மடங்கு, இருபதில் மூன்று மடங்கு.

நீளக் குழாயை வாயில் கவ்விக்கொண்டு அடியில் உட்கார முடியாதா? முடியாது. ஒரு மீட்டர் ஆழத்திலேயே மேல்காற்றை இழுக்க நெஞ்சு திணறும். சுற்றியுள்ள தண்ணீர் எவ்வளவு அழுத்துகிறதோ, அதே அழுத்தத்தில் காற்று வந்தாக வேண்டும். முதுகில் காற்றுச் சிலிண்டரோடு முங்கும் ஸ்கூபாவில் ரெகுலேட்டர் என்ற கருவி அதைத்தான் செய்கிறது. அதற்குள் ஒரு ரப்பர் சவ்வு. அதன் வெளிப்புறம் கடல். மூச்சை இழுத்ததும் சவ்வு உள்வாங்கி ஒரு நெம்புகோலை அமுக்க, வால்வு திறக்கும். நிறுத்தியதும் மூடிக்கொள்ளும்.

பிரெஞ்சுப் பொறியாளர் எமில் கான்யான், போர்க்காலப் பெட்ரோல் தட்டுப்பாட்டில் கார்களை எரிவாயுவில் ஓட்டச் செய்த வால்வு இது. கடற்படை அதிகாரி ழாக் கூஸ்தோ அதைக் கடலுக்குக் கொண்டுபோனார். மார்ன் ஆற்றில் பார்த்த சோதனையில், நிமிர்ந்து நின்றால் காற்று வீணாய்க் கொட்டியது. தலைகீழானால் வர மறுத்தது. வெளிமூச்சு போகும் வாயையும் சவ்வையும் ஒரே மட்டத்தில் வைத்ததும் கோளாறு தீர்ந்தது. 1943 கோடையில் பிரான்சின் மத்தியதரைக் கரையில் கருவி கடலில் இறங்கியது. அந்தக் கரைகளுக்கு இன்று விடுமுறைக்காரர்கள் ஸ்கூபாவுக்காகவே போகிறார்கள். நமக்குப் புதுச்சேரியிலேயே பயிற்சி கிடைக்கிறது.

முதுகுச் சிலிண்டரில் இருப்பது பெரும்பாலும் ஆக்சிஜன் அல்ல, சாதாரணக் காற்று. 12 லிட்டர் சிலிண்டரில் 200 மடங்கு அழுத்தத்தில் அடைத்தால் சுமார் 2,400 லிட்டர். ஆழத்தில் இழுத்த இந்தக் காற்றை அடக்கிக்கொண்டு மேலே வரவே கூடாது. விரியும் காற்று நுரையீரலைக் கிழித்துவிடும். ஆழத்தில் இரத்தத்தில் கரைந்த நைட்ரஜனும் மெதுவாக ஏறினால்தான் மூச்சோடு வெளியேறும். வேகமாக ஏறினால் உடம்புக்குள் குமிழியாகி மூட்டிலும் முதுகுத்தண்டிலும் அடைக்கும். முங்கிய மறுநாள் காலையே சதுரகிரி மலை ஏறலாம் என்று திட்டம் போடுவதும் ஆபத்து. மேலே காற்றழுத்தம் குறைவு. மிச்ச நைட்ரஜன் அங்கே குமிழிவிடலாம்.

இந்த விதிகள் சுற்றுலாக்காரருக்கு மட்டுமானவை அல்ல. தூத்துக்குடியில் சங்கு குளிப்பவர்கள் படகுக் கம்ப்ரசரின் குழாயைக் கவ்விக்கொண்டு முங்குகிறார்கள். ஆழமும் நேரமும் காட்டும் கருவி பலரிடம் இல்லை. சுற்றுலாவுக்கு வருகிறவருக்குக் கிடைக்கும் பயிற்சி, பிழைப்புக்காக நாள்தோறும் முங்குகிற இவர்களுக்குத்தான் முதலில் கிடைக்க வேண்டும்.