கடல் மீன் ஏன் சாப்பிட மறுக்கிறது?

மாணவர்களே, நீங்கள் ரெங்கத்தில் வசிப்பதாக வைத்துக்கொள்வோம். ஊரைச் சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள். ரெங்கம் இருக்கும் குளுவாங் மாவட்டத்துக்குக் கடற்கரையே கிடையாது. ஆனாலும் உங்கள் வீட்டு வரவேற்பறையில் ஒரு கடல்நீர் மீன்தொட்டி இருக்கிறது. பல மாதம் சேர்த்த பணத்தில் ஜொகூர் பாருவிலிருந்து ஒரு மீன் வாங்கி வந்திருக்கிறீர்கள். வெள்ளை உடலில் செம்பு நிறப் பட்டைகள், நீண்டு கூர்ந்த வாய். காப்பர்பேண்ட் வண்ணத்துப்பூச்சி மீன் என்பது அதன் பெயர்.

முதல் நாள் உணவு உருண்டைகளைப் போடுகிறீர்கள். மீன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் பயந்துபோய் இன்னும் அதிகமாகப் போடுகிறீர்கள். பெரும்பாலான புதிய மீன்களின் உயிருக்கு ஆபத்து வருவது இந்த இடத்தில்தான்.

மீன் சாப்பிடாத உணவு தொட்டியின் அடியில் தங்கி அழுகும். அதிலிருந்து அம்மோனியா உண்டாகும். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் தொட்டியில் உண்டு. ஆனால் ஒரு புதிய தொட்டியில் அவை போதிய அளவு பெருக ஏறத்தாழ 4 முதல் 6 வாரம் ஆகும். அதற்கு முன் அம்மோனியா கூடினால் மீனின் செவுள்கள் பாதிக்கப்படும். செவுள் பாதித்த மீனுக்குப் பசி இன்னும் குறையும். பசியாற்ற நாம் போட்ட உணவே அதற்கு நஞ்சாகிவிடுகிறது.

சரி, மீன் ஏன் சாப்பிடவில்லை? பிடிவாதமா? இல்லை. இரண்டு காரணங்கள் இருக்கின்றன.

முதலாவது, அதன் உடல் நிலை. கடல்நீர் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. மீனின் உடலுக்குள் இருக்கும் உப்பு அதைவிடக் குறைவு. எனவே சவ்வூடு பரவலால் மீனின் உடலிலிருந்து நீர் எப்போதும் வெளியேறிக்கொண்டே இருக்கும். அதை ஈடுகட்ட மீன் கடல்நீரைக் குடித்து, மிகுந்த உப்பைச் செவுள்கள் வழியாக வெளியேற்றுகிறது. உப்பின் அளவு திடீரென்று மாறினால் இந்த வேலைக்குக் கூடுதல் சக்தி செலவாகும். பிளாஸ்டிக் பையில் பயணம், குலுக்கல், புதிய வெளிச்சம் எல்லாம் சேரும்போது உடலில் கார்டிசால் என்ற ஹார்மோன் உயர்கிறது. அது பசியை அடக்கிவிடும். தேர்வுக்கு முந்தின இரவு உங்களுக்குச் சோறு இறங்காததும் ஏறக்குறைய இதே கதைதான்.

பிடித்த முறையும் ஒரு காரணமாகலாம். பவளப்பாறை இடுக்குகளில் சயனைட் கரைசலைப் பீய்ச்சி மீனை மயக்கிப் பிடிக்கும் வழக்கம் 1960களில் பிலிப்பீன்ஸில் தொடங்கி, பிறகு இந்தோனேசியாவுக்கும் பரவியது. இரு நாடுகளிலும் இது சட்டவிரோதம். செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்துவதையே சயனைட் தடுக்கிறது. அப்படிப் பிடிபட்ட மீன் பார்வைக்கு நன்றாக இருந்தாலும், உள்ளுறுப்புகள் கெட்டுச் சில வாரங்களில் இறந்துபோகலாம்.

இரண்டாவது காரணம் இன்னும் சுவையானது. நீங்கள் போட்டது உணவு என்று அந்த மீனுக்குத் தெரியாது! காப்பர்பேண்ட் கடலில் பாறை இடுக்குகளுக்குள் நீண்ட வாயை நுழைத்து, அங்கே ஒளிந்திருக்கும் புழுக்களையும் சிறு உயிர்களையும் கொத்தி எடுத்துத் தின்னும். மேலிருந்து மிதந்து இறங்கும் பழுப்பு உருண்டையை அது பார்த்ததே இல்லை. அசைவும் வாசனையும் இடமும் பொருந்தினால்தான் ஒன்றை அது இரையாக அடையாளம் காணும்.

இதற்கு எதிரான காட்சியைத் தமிழ்நாட்டில் காணலாம். இராமநாதபுரம் மாவட்டத்தின் மண்டபத்தில் இந்தியாவின் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் ஒன்று உள்ளது. அங்கும், பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்திலும் கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்கிறார்கள். ஆம், ‘நீமோ’தான்! முட்டைகளை ஆண் மீன் காவல் காக்கும். ஏறத்தாழ ஒரு வாரத்தில் குஞ்சுகள் வெளிவரும். அவற்றுக்கு முதலில் ராட்டிஃபர் என்ற நுண்ணுயிர், பிறகு ஆர்ட்டீமியா என்ற குட்டி உப்பு இறால், அதன்பின் தயாரித்த உணவு என்று படிப்படியாகப் பழக்குகிறார்கள். அத்தகைய மீன் உங்கள் வீட்டுக்கு வந்தால் உருண்டையைக் கண்டதும் ஓடி வரும். அதற்கு அதுதான் உணவு.

கடலில் பிடித்த மீனுக்கும் இதே படிகள்தான் வழி.

முதல் நாள் விளக்கை அணைத்துவிடுங்கள். ஒளிந்துகொள்ளப் பாறை இடுக்குகள் இருக்கட்டும். உணவு போடாமல் நீரைச் சோதியுங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியமாக இருக்கவேண்டும். வெப்பநிலை 25 முதல் 27 பாகை வரை போதும்.

அடுத்து, உயிருள்ள ஆர்ட்டீமியாவைச் சிறிதளவு விடுங்கள். அவை துடிதுடித்து நீந்தும் அசைவே மீனை இழுக்கும். காப்பர்பேண்டுக்கு இன்னொரு வழியும் உண்டு. சந்தையில் வாங்கிய லாலா சிப்பியை உறையவைத்து, உருக்கி, கழுவி, ஓட்டைத் திறந்து பாறைக்கு அருகே வையுங்கள். சிப்பிச் சதையில் உள்ள அமினோ அமிலங்களும் பீட்டெய்னும் நீரில் கசிந்து உணவு இருப்பதை அறிவிக்கும். ஓட்டுக்குள் இருக்கும் சதையைக் கொத்துவது அதற்குப் பழகிய வேலை. மீதியைச் சில மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள்.

மீன் கொத்தத் தொடங்கியதும், உயிருள்ள இரையோடு உறைந்த இறாலைக் கலந்து, நாளுக்கு நாள் அதன் பங்கைக் கூட்டுங்கள். உருண்டை கடைசியில்தான். தினமும் ஒரே நேரம், ஒரே இடம். மீன் விரைவில் உங்கள் கையையே அடையாளம் கண்டுகொள்ளும்.

இவ்வளவு பொறுமையாகப் பார்த்துக்கொண்டாலும் சில மீன்கள் சாப்பிடாமலே இறந்துவிடுகின்றன. மாண்டரின் மீன் பகல் முழுவதும் நுண்ணிய இரைகளைக் கொத்திக்கொண்டே இருக்கும். காப்பர்பேண்டும் சரி, மாண்டரினும் சரி, புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஏற்றவை அல்ல. அதனால் கடைக்காரரிடம் பணம் கொடுக்குமுன் இரண்டு கேள்வி கேளுங்கள். “அண்ணே, இது வளர்ப்பில் பிறந்ததா, கடலில் பிடித்ததா?” “இப்போது கொஞ்சம் உணவு போட்டுக் காட்ட முடியுமா?” கண்முன்னே சாப்பிடாத மீனை வாங்காதீர்கள்.

செய்து பாருங்கள்: ஒரு பிளாஸ்டிக் போத்தலில் 1 லிட்டர் நீர், 25 முதல் 30 கிராம் அயோடின் சேர்க்காத உப்பு, ஒரு சிட்டிகை ஆர்ட்டீமியா முட்டை. காற்றுப் பம்பை இணைத்து வெளிச்சத்தில் வையுங்கள். நம் ஊர் வெப்பத்தில் ஏறத்தாழ 24 மணி நேரத்தில் அரை மில்லிமீட்டர் அளவுள்ள குஞ்சுகள் பொரிக்கும். பம்பை நிறுத்தி, போத்தலின் ஒரு பக்கம் மட்டும் கைவிளக்கைக் காட்டுங்கள். அவை எந்தப் பக்கம் கூடுகின்றன? ஏன் என்று உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் கலந்து பேசுங்கள்.